பயிற்சிதானே என்று விடலாமா?

வீடியோ விளையாட்டு என்றதும் நிரல் எழுதுகிறவர்கள்தாம் நம் நினைவுக்கு வருவார்கள். 1972இல் ஆலன் அல்கார்ன் என்ற பொறியியலாளர் உருவாக்கிய 'போங்' விளையாட்டில் ஒரு வரி நிரல்கூடக் கிடையாது. சாதாரணச் சில்லுகளைக் கம்பியால் இணைத்து, கடையில் வாங்கிய கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியில் பந்தை ஓடவிட்டார். அப்போது அவருக்கு வயது 24.

அது விற்பனைக்கென்று கொடுத்த வேலையும் அல்ல. புதியவருக்குக் கை பழகட்டும் என்று அட்டாரி நிறுவனர் நோலன் புஷ்னல் கொடுத்த பயிற்சி. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் கேட்டிருப்பதாகப் பொய்யும் சொல்லிவைத்தார். அதை நம்பி உழைத்த அல்கார்ன், மட்டையின் எந்தப் பகுதியில் படுகிறதோ அதற்கேற்பப் பந்து கோணம் மாறித் திரும்பும்படி செய்தார். மட்டை திரையின் உச்சிவரை போகாதது மின்சுற்றின் குறை. வேண்டுமென்றே அதை அப்படியே விட்டார். தோற்க வழியில்லாவிட்டால் ஆட்டம் எப்படி முடியும்? கலிபோர்னியாவில் ஒரு மதுக்கடையில் வைத்த முதல் பெட்டி சில நாளில் நின்றுபோனது. திறந்து பார்த்தால், காசு நிரம்பி வழிந்திருந்தது!

அதே 1972இல்தான் இன்டெல் நம் பினாங்கில் தொழிற்சாலை திறந்தது. பிறகு பாயான் லெப்பாசுக்குத் தொழிற்சாலைப் பேருந்தில் போன நம் பெண்கள் எத்தனை பேர்! என் அம்மாவும் நுண்ணோக்கியில் குனிந்து, முடியைவிட மெல்லிய கம்பியைச் சில்லில் இணைத்தவர்தான். அவர் மகனான நான் இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு என்ன செய்தேன்? சீனியர் ஒருவரின் மின்சுற்றை வாங்கிப் பெட்டியை மட்டும் மாற்றினேன். பயிற்சிதானே என்ற எண்ணம். நல்ல புள்ளியும் கிடைத்தது. இன்றுவரை அம்மாவிடம் சொன்னதில்லை.

அமெரிக்காவில் முதலீடு இருந்தது, இங்கே என்ன இருக்கிறது என்பார்கள் சிலர். முதலீடு முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அல்கார்ன் முதலாளி அல்லர், சம்பளத்துக்கு வேலை செய்தவர். 1976இல் வார்னர் நிறுவனம் அட்டாரியை வாங்கியது. 1981இல் அவர் விலகினார். பிறகு ஆப்பிளில் பணியாற்றினார், புதிதாகத் தொடங்கும் நிறுவனங்களுக்கு ஆலோசனை சொன்னார். அந்தச் சொல்லுக்கு மதிப்பு வந்தது, கையால் செய்து பார்த்ததால்தான்.

நம் கழகம் பட்டிமன்றம் நடத்துகிறது, நல்லது. ஒரு மாலை இறுதியாண்டு மாணவர்கள் தங்கள் மின்சுற்றுகளை மேசைமேல் வைத்துத் தமிழில் விளக்கட்டுமே. வேலை செய்யாதவற்றையும் கொண்டு வரலாம். நானும் வருகிறேன்.