ஃப்ளாஷை விடுங்க, குச்சியைப் பிடுங்குங்க!

கடல்குதிரைக்குக் கண்ணிமை கிடையாது, ஃப்ளாஷ் அடிச்சா குருடாயிடும் என்று யாராவது ஒருத்தர் ஆரம்பிப்பார். உடனே தண்ணிக்கடியில் படம் எடுக்கிற அத்தனை பேரும் கொலைகாரர்கள் ஆகிவிடுவோம். வருஷக்கணக்கா இதே பஞ்சாயத்து. அலுத்துப் போச்சு சாமி. நிஜக் குற்றவாளி பக்கத்திலேயே கைகட்டி நிற்கிறான், அவனை ஒருத்தரும் கேட்கிறதில்லை என்பதுதான் என் கோபம்.

முதல்ல ஃப்ளாஷ் எதுக்குன்னு பார்ப்போம். கடல் நீர் சூரிய ஒளியில் சிவப்பைத்தான் முதலில் விழுங்கும். பத்து, பதினைந்து மீட்டர் இறங்கினால் சிவப்புக் கடல் விசிறிகூட அழுக்குச் சாம்பலாகத்தான் தெரியும். நிறம் வேணும்னா வெளிச்சத்தை நாமதான் கொண்டு போகணும். அது உயிரினத்தை என்ன செய்கிறது என்று ஆஸ்திரேலியாவின் கர்ட்டின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்து 2019-ல் வெளியிட்டார்கள். மனுஷன் பக்கத்தில் வந்து நிற்பதைவிட ஃப்ளாஷ் கூடுதலாகத் தொந்தரவு செய்யவில்லை. கடல்குதிரையின் கண்ணும் கெடவில்லை. தொட்டு, தள்ளி, நகர்த்தினபோதுதான் அதுங்க ரொம்பவே மிரண்டன.

ஆக, பிரச்சினை ஒளி இல்லை. விரலும் குச்சியும்.

இந்தோனேசியாவில் சுலவேசித் தீவின் வடகிழக்கு முனையில், பிட்டுங் துறைமுகத்துக்கு எதிரே இருக்கிறது லெம்பே நீரிணை. கறுப்பு எரிமலை மணல். தவளை மீன், நீலவளைய ஆக்டோபஸ் என்று மேக்ரோ பைத்தியங்களுக்கு அதுதான் காசி, ராமேஸ்வரம் எல்லாம். அங்கே கடல் விசிறியில் ஒட்டிக்கொண்டு வாழும் பிக்மி கடல்குதிரை இரண்டு சென்டிமீட்டர் இருந்தால் பெரிசு. 1969-ல் நியூ கலிடோனியாவில் பார்ஜிபாண்ட் என்பவர் ஒரு கடல் விசிறியை வெட்டி எடுத்துவந்து மேஜையில் வைத்துப் பார்த்தபோதுதான் இப்படி ஒரு ஜீவன் இருப்பதே உலகத்துக்குத் தெரிந்தது. ஒளிந்துகொள்வதுதான் அதுக்குப் பிழைப்பு. நம்மைக் கண்டால் முதுகைக் காட்டும்.

முதுகு நமக்கு ஆகாதே! முகம் வேணுமே! கைடு கையில் இருக்கிற உலோகக் குச்சியால் ஒரு தட்டு. திரும்பலைன்னா இன்னொரு தட்டு. லெம்பேயில் ஒரே விசிறி முன்னால் ஐந்து கேமராக்கள் வரிசையில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். என் முறை வந்தபோது குச்சியை எடுத்தவரிடம் ‘வேண்டாம்’ என்று சைகை காட்டினேன். ஆச்சரியமாகப் பார்த்தார். படகில் ஏறியதும் கேட்டேன். “போட்டோ கிடைக்கலைன்னா கெஸ்ட் கோவிச்சுக்குவாங்க சார்” என்றார் அவருடைய அரைகுறை ஆங்கிலத்தில்.

அவரைத் திட்ட எனக்கு மனசு வரலை. அவர் வீட்டு உலை நம்ம டிப்ஸில் கொதிக்குது. குச்சி அவர் கையில். அதை ஆட்டுவது நம்ம ஆசை. ஒழுங்காக மிதக்கக் கத்துக்கிறதுக்கு முன்னாடியே கேமரா வாங்கிவிடுகிறோம். அப்புறம் ஃபோகஸ் ஆடாமலிருக்கப் பவளத்தைப் பிடித்துத் தொங்குகிறோம். ஃபின் பட்டு ஒரு நொடியில் ஒடிகிற விசிறி திரும்ப வளர வருஷக்கணக்காகும். அதில் குடியிருந்த கடல்குதிரை எங்கே போகும்? கரைக்கு வந்து ‘இயற்கையின் அற்புதம்’ என்று தலைப்பு வேற!

“ஒரு தட்டுல என்ன ஆயிடும்?” என்பீர்கள். உங்களுக்கு ஒரு தட்டு. அதே விசிறிக்கு நாளெல்லாம் எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

செய்யவேண்டியது சிம்பிள். இறங்கும் முன்பே கைடிடம் சொல்லுங்கள்: எனக்காக எதையும் தொடாதே, நகர்த்தாதே, படம் கிடைக்காவிட்டாலும் உன் டிப்ஸ் உண்டு. உடம்பு அசையாமல் மிதக்க வரும்வரை கேமராவைப் படகிலேயே வையுங்கள். ஊதிப்போன பேத்தை மீன் படத்தைப் பார்த்து ‘சூப்பர் தல’ என்று சொல்வதற்கு முன், அதை ஊத வைத்தது யார் என்று கேளுங்கள்.

முதுகைக் காட்டினால் முதுகைப் படம் எடுங்கள். அதுவும் அழகாத்தான் இருக்கு :-)