செட்டாப் பாக்ஸ் சத்தம்... ஹோம் தியேட்டரில் கேட்பது எப்படி?

ஹோம் தியேட்டர் வாங்கியாச்சு. ஆனால், சீரியலும் செய்தியும் இன்னும் டி.வி ஸ்பீக்கரில்தான் கேட்கின்றனவா? பெரும்பாலும் புது பாக்ஸ் தேவையில்லை. ஒரு கேபிள் போதும். எது என்பதை செட்டாப் பாக்ஸின் பின்பக்கம் சொல்லிவிடும். பிளக்குகளைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்.

ஹெச்.டி.எம்.ஐ: பாக்ஸிலிருந்து வரும் கேபிளை ரிசீவரின் 'இன்'னில் செருகுங்கள். ரிசீவரின் 'அவுட்'டிலிருந்து இன்னொரு கேபிள் டி.வி-க்கு. படம், ஒலி இரண்டும் இதிலேயே போகும். பல மாடல்களில் ரிசீவர் ஆன் செய்திருந்தால்தான் டி.வி-யில் படம் தெரியும்.

ஆப்டிகல்: சிவப்பு வெளிச்சம் தெரியும் சின்ன சதுரத் துளை. ஒலி மட்டும் போகும்; டால்பி டிஜிட்டல் 5.1 வரை தாங்கும். இந்த ஒயரை அழுத்தி மடக்கக் கூடாது.

சிவப்பு, வெள்ளை: பழைய பாக்ஸ்களில் இதுதான் இருக்கும். மஞ்சள் ஒயர் டி.வி-க்கு, மற்ற இரண்டும் ரிசீவரின் 'ஆடியோ இன்'னுக்கு.

சத்தம் வரவில்லையா? ரிசீவர் ரிமோட்டில் சரியான இன்புட்டைத் தேர்ந்தெடுத்தீர்களா எனப் பாருங்கள். பிறகு, டி.வி-யை மியூட்டில் வையுங்கள். இரண்டிலும் ஒலி வந்தால் எதிரொலிபோலக் கேட்கும்.

சேனல் ஸ்டீரியோவில் வந்தால், முன்பக்க இரண்டு ஸ்பீக்கர்கள் மட்டுமே பேசும். ரிசீவரில் 'புரோ லாஜிக்' போன்ற சரவுண்ட் மோடு இருந்தால் அதைப் போடுங்கள். வசனம் நடு ஸ்பீக்கருக்கு வரும். அதன் அளவை மட்டும் கூட்டினால், பின்னணி இசை அலறாமலே தாத்தா, பாட்டிக்கு வசனம் தெளிவாகக் கேட்கும்.