சுவரைப் பார்த்தோம், பலகையைப் படித்தோமா?

வார இறுதியோடு ஒரு பொது விடுமுறையும் சேர்ந்துவிட்டால் போதும், நம் பல்கலைக்கழக மாணவர்கள் பலருடைய கால்கள் பினாங்கை நோக்கித் திரும்பிவிடுகின்றன. பட்டர்வொர்த் வரை இரயில், அங்கிருந்து ஃபெர்ரி, இறங்கியதும் சுவரோவியங்கள், செண்டோல், நாசி கண்டார், கைப்பேசி நிறையப் புகைப்படங்கள். ஞாயிறு மாலை களைத்துத் திரும்புகிறோம். கேட்டால், "ஜார்ஜ்டவுனைப் பார்த்தாகிவிட்டது" என்கிறோம். தமிழ் படித்த மாணவர்களாகிய நாம் அங்கே பார்க்க வேண்டியதைப் பார்த்தோமா? இக்கேள்வியை உங்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஜார்ஜ்டவுன் பெயரளவில் மாநகரம். ஆனால், 2008-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் நாள் மலாக்காவோடு சேர்த்து யூனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தளமாக அறிவித்த பழைய நகரின் மையப்பகுதி ஏறக்குறைய 109 ஹெக்டர்தான். நடந்தே சுற்றிவிடலாம். உள்ளே நடந்தால் ஒரு சிற்றூரில் இருப்பது போலவே இருக்கிறது. அதுவும் கொஞ்சம் குறும்புத்தனமான சிற்றூர்! 2012-ஆம் ஆண்டு ஜார்ஜ்டவுன் விழாவுக்காக லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் சக்கரேவிச் வரைந்த இரு குழந்தைகள், லெபோ ஆர்மேனியன் சுவரில் பொருத்தப்பட்ட உண்மையான சைக்கிளில் உட்கார்ந்து சிரிக்கிறார்கள். தெரு முனைகளில் இரும்புக் கம்பியை வளைத்துச் செய்த கேலிச்சித்திரங்கள் அந்தந்தத் தெருவின் கதையைச் சொல்கின்றன. பழைய கடைவீடுகள் ஓவியக்கூடங்களாகவும் காப்பிக் கடைகளாகவும் உருமாறி நிற்கின்றன. நானும் என் தோழியர் இருவரும் சென்ற சனிக்கிழமை, அந்தச் சைக்கிளோடு படம் எடுத்துக்கொள்ள நீண்ட வரிசை நின்றது. நாங்களும் நின்றோம். அழகை இரசிப்பதில் தவறே இல்லை.

ஆனால், அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் வேறோர் ஊர் தொடங்குகிறது. லெபோ சூலியா, லெபோ பாசார், லெபோ கிங், லெபோ குவீன். 'சூலியா' என்பது தென்னிந்தியக் கடற்கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களைக் குறித்த பெயர். காதர் முகைதீன் நிறுவிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலின் வரலாறு 1801-இல் தொடங்குகிறது. லெபோ குவீன் மகாமாரியம்மன் கோயில் 1833-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. லெபோ பினாங்கில் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. நாம் விரும்பி உண்ணும் நாசி கண்டாருக்கும் இப்படியொரு கதை உண்டு. 'கண்டார்' என்றால் தோளில் காவடிபோல் சுமக்கும் தடி. அத்தடியின் இருபுறமும் சோற்றையும் குழம்பையும் தொங்கவிட்டுத் தெருத்தெருவாக விற்ற தமிழ் முஸ்லிம்களின் உழைப்பு அந்தப் பெயருக்குள் இருக்கிறது. ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்' நாவல் நடக்கும் ஊரும் இதுவே. சுவரோவியங்கள் வருவதற்கு நெடுங்காலம் முன்பே தமிழ் இலக்கியம் இந்த ஊருக்கு வந்துவிட்டது.

நான் ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியில் படித்தவள். பின்னர்த் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனபோது, தமிழ் என்பது பள்ளி முடிந்த பிறகு, மற்றவர்கள் பேருந்து ஏறிய நேரத்தில், வெறும் வகுப்பறையில் நடக்கும் பாடமாகிவிட்டது. "இதைப் படித்து என்ன ஆகப் போகிறது?" என்று கேட்காத உறவினர் குறைவு. அக்கேள்விக்கு லெபோ பாசார் அஞ்சடியில் எனக்கு ஒரு பதில் கிடைத்தது.

ஒரு பழைய மளிகைக் கடை. மேலே மரப்பலகை. என் தோழி வீட்டில் தமிழ் பேசுபவள். தேசியப் பள்ளியிலேயே படித்ததால் எழுதப் படிக்கத் தெரியாது. "என்ன போட்டிருக்கு?" என்று கேட்டாள். 'விற்பனை' என்ற சொல்லின் கடைசி எழுத்து, தும்பிக்கை தூக்கியதுபோல் வளைந்த பழைய வடிவில் இருந்தது. 1978-இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தம் செய்வதற்கு முன் வழங்கிய வடிவம் அது. தாத்தாவின் கடிதங்களில் பார்த்துப் பழகியதால் என்னால் படிக்க முடிந்தது. நான் உரக்கப் படித்ததைக் கேட்டுக் கடைக்காரப் பெரியவர் வெளியே வந்தார்.

"அங்கிள், இது எப்ப எழுதினது?"

"எங்கப்பா சொல்லி எழுதினதும்மா. அப்பல்லாம் தமிழ்ப் பலகை எழுதுறதுக்குன்னே ஆளுங்க இருந்தாங்க. இப்ப எழுத்து மங்கிப்போச்சுன்னா ஸ்டிக்கர்தான் ஒட்டணும்."

தந்தை எந்த ஊரிலிருந்து கப்பலேறினார், முதலில் எந்தக் கடையில் கணக்கெழுதினார், கடை கைமாறிய கதை என்று அரைமணி நேரம் பேசினார். மகன் கோலாலம்பூரில் வேலை செய்கிறாராம். கடை இன்னும் எத்தனை நாள் என்று நாங்கள் கேட்கவில்லை. அவரே சொன்னார்: "வாடகையைப் பொறுத்து."

அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடப்பில் இருந்தவரை, 1948-க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை உரிமையாளர் நினைத்தபடி ஏற்ற முடியாது. சிறு வணிகர்களும் கைத்தொழிலாளரும் நகரின் நடுவிலேயே வாழ முடிந்தது அதனால்தான். 2000-ஆம் ஆண்டு தொடக்கத்தோடு அக்கட்டுப்பாடு முடிவுக்கு வந்தது. பல குடும்பங்கள் வெளியேறின. பின்னர் யூனெஸ்கோ பட்டமும் சுவரோவியங்களும் பயணிகளை ஈர்க்க, பழைய கடைவீடுகளுக்கு மவுசு கூடியது. நாம் இரசிக்கப் போகும் அழகே, அந்த அழகுக்குக் காரணமானவர்களின் வாடகையையும் ஏற்றுகிறது.

"சுற்றுலாவால்தானே பிழைப்பு நடக்கிறது?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பூக்கடையும் உணவுக்கடையும் பயணிகளால் பயனடைவது உண்மை. 2008 இறுதியிலிருந்து மாநில அரசு பாரம்பரிய வட்டாரத்தில் வைத்த இருமொழித் தெருப்பலகைகளில் தமிழும் இடம்பெற்றதும் பாராட்டுக்குரியது. சுவர்களிலும் நாம் இல்லாமல் இல்லை; ரஷ்ய ஓவியர் ஜூலியா வோல்ச்கோவா வரைந்த இந்தியப் படகோட்டி கம்பீரமாக நிற்கிறார். ஆனால், துறைமுகத்தில் சரக்குப் படகு தள்ளிய நம்மவர்கள் எந்த ஊர்க்காரர்கள், என்ன கூலி வாங்கினார்கள் என்பதைச் சுவர் சொல்லாது. பலகையும் பழைய கணக்கேடும் பெரியவர்களின் வாய்ச்சொல்லும்தான் சொல்லும். அவை தமிழில் இருக்கின்றன. தமிழ் தெரியாதவர் எத்தனை விலையுயர்ந்த புகைப்படக் கருவியோடு வந்தாலும் அவற்றைப் படிக்க முடியாது.

ஆகவே, நம் தமிழ் மொழிக் கழகத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் சுற்றுலா போகிறோம். அடுத்த முறை பினாங்கு போகும்போது, இரண்டிரண்டு பேராகப் பிரிந்து ஆளுக்கொரு கடைக்குப் போவோம். பலகையைப் படம் எடுப்போம். கடையின் பெயர், தொடங்கிய ஆண்டு, நிறுவியவரின் சொந்த ஊர், முதலில் விற்ற பொருள் ஆகியவற்றைக் கேட்டு எழுதுவோம். உரிமையாளரின் அனுமதியோடு இவ்விதழில் பத்துப் பக்கம் ஒதுக்கி வெளியிடுவோம். பினாங்கில் வாழும் நம் முன்னாள் மாணவர்கள் பழைய வணிகர்களிடம் நம்மை அறிமுகப்படுத்தி வைத்தால் பாதி வேலை முடிந்துவிடும். தமிழ் வாசிக்கத் தெரியாத நண்பர்களையும் உடன் அழைப்போம். அவர்கள் கேட்கட்டும், நாம் எழுதுவோம்.

இதனால் எந்தக் கடையின் வாடகையும் குறையப் போவதில்லை. அதை நான் அறிவேன். ஆயினும், பாரம்பரியம் என்று எதைக் காக்க வேண்டும் எனப் பேச்சு எழும்போது, எழுதி வைத்தவர்களின் கதையே எண்ணிக்கையில் சேரும். எழுதாதவர்களின் கதை, கடையின் கதவோடு சேர்ந்து மூடப்படும். மங்கிய சுவரோவியத்துக்கு மறுபடியும் வண்ணம் பூசலாம். ஒரு பெரியவரின் நினைவுக்கு அப்படிப் பூச முடியாது. இன்னும் சில ஆண்டுகளே நம் கையில் உள்ளன. குறிப்பேட்டோடு கிளம்புவோம், தோழர்களே!