வாடை வருமுன் ஊருணியைப் பார்ப்போம்

நம் பிள்ளைகளின் ஆங்கிலப் பாடநூல்களில் ஆண்டுக்கு நான்கு பருவங்கள். இலைகள் சிவந்து உதிர்கின்றன. அதன்பின் பனி பெய்கிறது. குளிர்நாடுகளில் வாழும் நம் உறவினர்கள், இலை உதிரத் தொடங்கியதுமே கம்பளியையும் கணப்பையும் தேடுகின்றனர். இராமநாதபுரக் கரையிலோ பருவம் மாறுவதை நமக்கு அறிவிப்பது காற்று. புரட்டாசியில் கச்சான் ஓய்கிறது. ஐப்பசியில் வாடை எழுகிறது. பாக் நீரிணைப் பக்கம் கடல் கொந்தளிக்கத் தொடங்கியதும், பாம்பன், மண்டபம் மீனவர்கள் மன்னார் வளைகுடாப் பக்கம் தொழிலை மாற்றிக்கொள்கின்றனர். ஹிஜ்ரி மாதங்கள் பருவங்களோடு ஒட்டி நில்லாதவை. ஆதலால் கடலுக்கும் மழைக்கும் நம் முன்னோர் தமிழ் மாதங்களையே கணக்கில் கொண்டனர்.

மாவட்டத்தின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் இந்த மூன்று மாதங்களில்தான் பெய்கிறது. கடலோர ஊர்கள் பலவற்றில் நிலத்தடி நீர் உவர்ப்பு. ஊருணி நிறைந்தால் குடிநீர் உண்டு. நிறையாவிட்டால் சித்திரையில் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு பெண்கள்தாம் அலைய வேண்டும். இவ்வளவும் அறிந்திருந்தும், வாடைக்கு முன் நாம் செய்யும் ஆயத்தம் என்ன? மழைத் தொழுகைக்குத் திடல் நிறைகிறது. வரத்துக்காலைத் தூர்வார அழைத்தால் பத்துப் பேரைச் சேர்ப்பதே அரிதாகிறது.

மதீனாவில் மழை பொய்த்த ஓராண்டில், ஜும்ஆ உரையின் நடுவே ஒருவர் எழுந்து, கால்நடைகள் மடிவதாக முறையிட்டார். நபி (ஸல்) அவர்கள் கையேந்தினார்கள். மறு வெள்ளிவரை மழை ஓயவில்லை. அந்த ஜும்ஆவில், வீடுகள் இடிகின்றன, மழையை நிறுத்த வேண்டுங்கள் என்ற முறையீடு வந்தது. அண்ணலார் மழையே வேண்டாம் என்று கேட்கவில்லை. எங்கள்மீது அல்லாமல் குன்றுகளிலும் ஓடைகளிலும் மரம் முளைக்கும் இடங்களிலும் அது பொழியட்டும் என்று வேண்டினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள இச்செய்தியைப் பயான்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். நீர் எங்கே போய்ச் சேர வேண்டும் என்ற அக்கறை அந்தத் துஆவிலேயே இருப்பதை நாம் போதிய அளவு கவனித்ததாகத் தோன்றவில்லை.

2024 நவம்பர் 20 அன்று இராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. பாம்பன், தங்கச்சிமடம் வீடுகளுக்குள்ளும் நீர் புகுந்தது. அத்தகைய மழைக்கு எந்த ஊரும் முழுமையாக ஆயத்தமாக இயலாது என்பது உண்மையே. ஆயினும் வரத்துக்காலின் குறுக்கே சுவர் எழுப்பியதும், ஊருணிக் கரையில் குப்பை கொட்டியதும் மழையின் குற்றமா? பிறர் நிலத்தில் ஒரு சாண் அபகரித்தவருக்குரிய எச்சரிக்கையை நாம் வாய்க்கால் வரப்பு வழக்குகளில் மட்டும் நினைவுகூர்கிறோம். ஊருக்கே உரிய நீர்வழியை அடைப்பது அதனினும் சிறிய பாவமன்று.

மழைநீர் சேகரிப்பைத் தமிழக அரசு 2003இல் கட்டாயமாக்கியது. அப்போது பதித்த குழாய்கள் எத்தனை மஸ்ஜித்களின் மாடியில் இன்றும் அடைப்பின்றி இருக்கின்றன? ஹவுளுக்கு மேலேயே ஆயிரக்கணக்கான சதுர அடித் தளம் இருக்க, உளூச் செய்ய லாரித் தண்ணீர் வாங்குவது நமக்கு உறுத்தவே இல்லை. மறைந்த தம் தாயாருக்காக எந்தத் தர்மம் சிறந்தது என்று ஸஅத் இப்னு உபாதா (ரலி) வினவியபோது, தண்ணீர் என்றே விடை கிடைத்தது. அவர்களும் கிணறு வெட்டினார்கள். நம்மில் வசதியுள்ளவர்கள் பெற்றோர் பெயரால் அலங்கார வளைவு கட்டுகின்றனர். அதே தொகையில் ஓர் ஊருணிக்குக் கரையும் படித்துறையும் அமையும் என்பதை யாராவது அவர்களிடம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. கடலுக்குப் போக முடியாத நாள்களில் மீனவர் வீட்டில் வருமானம் இல்லை. வாலிநோக்கம் போன்ற உப்பளங்களிலும் மழை தொடங்கியதும் வேலை நின்றுவிடுகிறது. நாமோ ஸகாத்தைப் பெரும்பாலும் ரமலானில் கொடுத்து முடிக்கிறோம். இப்போது ரமலான் மாசியை ஒட்டி வருவதால், அப்போது கொடுத்த பணம் ஐப்பசி வரை எந்த ஏழை வீட்டிலும் மிஞ்சுவதில்லை. ஸகாத்தை ரமலானிலேயே கொடுத்தாக வேண்டும் என்ற நியதி இல்லை. அவரவர் செல்வத்துக்கு ஆண்டு நிறையும் நாளே அதன் கெடு. பைத்துல்மாலில் ஒரு பகுதியையேனும், குறைந்தது ஸதகா நிதியையேனும், வாடைக்கால அரிசிக்கும் ஒழுகும் கூரைகளுக்கும் ஒதுக்கி வைக்கலாம். புரட்டாசி முதல் வெள்ளியன்று ஜமாஅத் கூடும்போது, மீலாது மேடைச் செலவுக்கு முன்பாக இக்கணக்கு பேசப்படட்டும். மறுநாள் காலை மண்வெட்டியோடு வரத்துக்காலுக்கு வருவோரின் பெயர்களையும் அங்கேயே எழுதிக்கொள்ளலாம்.