மூங்கில் சிம்பு நட்சத்திரம்

இன்னும் மார்கழி பிறக்கவில்லை. அதற்குள் பாளையங்கோட்டைக் கடைகளில் கிறிஸ்துமஸ் நட்சத்திரங்கள் தொங்க ஆரம்பித்துவிட்டன. பேரன் ஒன்றைக் காட்டி, "தாத்தா, இந்த வருஷம் இதை வாங்குவோமா?" என்றான். விலையைக் கேட்டுவிட்டு, "நாமளே கட்டுவோம்டா" என்று சொல்லிவிட்டேன். மருமகள் இதைக் கஞ்சத்தனம் என்று நினைத்திருக்கலாம். காரணம் வேறு.

1991-ஆம் வருஷம். நான் அரசு அலுவலகத்தில் எழுத்தர். ஒவ்வொரு டிசம்பரிலும் பண்டிகை முன்பணம் வாங்குவேன். பத்துத் தவணையாகச் சம்பளத்தில் பிடிப்பார்கள். பிடித்து முடிக்கவும் அடுத்த பண்டிகை வரவும் சரியாக இருக்கும். அந்த வருஷம் சென்னையிலிருந்து மைத்துனர் குடும்பம் வருவதாகக் கடிதம் வந்தது. நம் வீடு குறைவாகத் தெரியக்கூடாதே என்று மனைவியின் கம்மலை அடகு வைத்து சீரியல் பல்பு, ஜிகினாத் தோரணம், சாவி கொடுத்தால் ஓடும் பொம்மை எல்லாம் வாங்கினேன்.

கிராமத்திலிருந்து அப்பா வந்தார்கள். தாமே கட்டிய நட்சத்திரத்தைக் கசங்காமல் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். அதை நான் புறவாசலில் கட்டினேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பண்டிகையன்று மனைவி கவரிங் கம்மலோடு கோவிலுக்கு வந்தாள். அவளும் ஒன்றும் சொல்லவில்லை. கம்மலை மீட்க ஆகஸ்ட் மாதம் ஆயிற்று.

அன்று என் பிள்ளைகள் ஒரு பாடம் படித்துக்கொண்டார்கள்: கையால் செய்தது புறவாசலுக்கு, காசு கொடுத்தது முன்வாசலுக்கு. அதைக் கற்றுக்கொடுத்தவன் நான்தான். ஆகவே இப்போது மகன் ஆன்லைனில் அலங்காரப் பொருள் வாங்கிக் குவிக்கும்போது அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

1223-இல் இத்தாலியின் கிரேச்சோ என்ற ஊரில் புனித பிரான்சிஸ் அசிசியார் குடில் அமைத்தபோது, ஒரு தீவனத் தொட்டி, வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை, அவ்வளவுதான் வைத்தார். எல்லாம் அக்கம்பக்கத்தில் கிடைப்பவை. இந்தப் பண்டிகைக்குக் கடன் எதற்கு?

நட்சத்திரம் கட்டுவது பெரிய வித்தை இல்லை. ஒரே நீளத்தில் பத்து மூங்கில் சிம்பு வேண்டும். ஐந்தைந்தாகச் சேர்த்து இரண்டு நட்சத்திரம் கட்டி, ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஐந்து முனைகளையும் நூலால் இறுக்க வேண்டும். உள்ளே சிம்புகள் குறுக்கிடும் ஐந்து இடங்களிலும் சாண் அளவுக் குச்சியை நிறுத்தினால் வயிறு உப்பி நிற்கும். பட்டத்தாளை மைதாப் பசையில் ஒட்டலாம். பசையில் துளி மயில்துத்தம் சேர்த்தால் பூச்சி அரிக்காது; ஆனால் அது விஷம், பிள்ளைகள் கையில் கொடுக்கக்கூடாது. உள்ளே மெழுகுவர்த்தி வேண்டாம், சின்ன எல்.இ.டி. பல்பு போதும். போன வருஷம் இப்படிக் கட்டியபோது தாளும் நூலும் நூறு ரூபாய்க்குள் முடிந்தன. மழைச்சாரலில் ஒரு முனை நனைந்து கிழிந்தது. பேரனே வேறு நிறத் தாளை ஒட்டினான்.

குடிலுக்குப் பத்து நாள் முன்பே தட்டில் கேழ்வரகு முளைக்கப் போட்டால் பச்சைப் புல்வெளி தயார். பரிசுக்கு ஓலைக் கொட்டானில் முறுக்கும் அச்சு முறுக்கும் போதும். தீபாவளிக்குப் பலகாரம் தந்த அடுத்த வீட்டு அக்காவுக்கு அதைக் கொடுத்தோம். பொங்கலுக்கு அதே கொட்டானில் அவர்கள் பனங்கிழங்கு வைத்துக் கொடுத்தார்கள்.

"இதற்கெல்லாம் நேரம் ஏது?" என்று இளையவர்கள் கேட்பது நியாயம்தான். வேலைக்குப் போகிறவர்களுக்கு நேரம் இல்லை. ஓய்வூதியம் வாங்கும் நமக்கு இருக்கிறது. பேரப்பிள்ளைகளுக்கு ஆயிரம் ரூபாய்ப் பொம்மை வாங்கித் தருவதைவிட, நான்கு சாயங்காலம் அவர்களோடு தரையில் உட்கார்ந்து சிம்பு சீவுவது நம்மால் முடிந்த பரிசு. முட்டிவலி இருந்தால் நாற்காலியில் உட்காரலாம்.

அப்பா இப்போது இல்லை. அவர்கள் கட்டிய நட்சத்திரமும் இல்லை. அந்த ஜனவரியிலேயே பரணில் எலி கடித்துவிட்டது. இந்த வருஷம் பேரனோடு கட்டப்போவதை முன்வாசலில்தான் தொங்கவிடுவேன்.