லைட் பிடிக்கும் கைகள்

செம்பாக்கத்துத் தம்பி ஒருவனை இரண்டு வருஷமாகப் பார்க்கிறேன். முகூர்த்த நாளென்றால் விடியற்காலை மூன்று மணிக்கே ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்தில் நிற்பான். கையில் லைட், தோளில் அடுத்தவர் பை. சம்பளம் எவ்வளவு என்று கேட்டால், "அண்ணன் தொழில் கத்துக்கொடுக்கிறார்ல" என்பான். அந்த அண்ணன் இவன் எடுத்த படம் ஒன்றைக்கூட இன்றுவரை வாங்கிப் பார்த்ததில்லை.

தாம்பரத்திலோ குரோம்பேட்டையிலோ பெருங்களத்தூரிலோ, புதிதாகக் கேமரா வாங்கிய எவர் காதிலும் ஓதப்படுவது ஒன்றுதான்: பெரிய ஆளாகப் பார்த்து ஒட்டிக்கொள், கான்டாக்ட் பிடி, மற்றதெல்லாம் தானாக வரும். இது பொய். ஏழைப் பிள்ளைகளைக் கெடுக்கிற பொய். சொந்த வீடும் அப்பா சம்பளமும் இருக்கிறவன் இரண்டு வருஷம் சும்மா உழைத்துவிட்டுப் போகலாம். வாடகை வீட்டுப் பிள்ளைக்கு அது முடியாது. அவன் பாதியில் கேமராவை விற்றுவிட்டு டெலிவரி வேலைக்குப் போகிறான். "அவனுக்குப் பொறுமை இல்லை" என்று ஊர் சொல்கிறது. எனக்கு ஆத்திரம் வருவது அந்த இடத்தில்தான்.

தொழில் எப்படி நடக்கிறது என்பதையாவது பாருங்கள். தையிலும் ஆவணியிலும் ஒரே முகூர்த்தத்தில் ஊரெல்லாம் கல்யாணம். ஒருவரிடம் ஒரே நாளில் இரண்டு வீட்டார் வந்து கேட்பார்கள். இரண்டாவதை அவர் யாரிடம் தள்ளுவார்? கூடவே நின்று படம் எடுத்த சமவயசுக்காரனிடம், படத்தைச் சொன்ன தேதிக்குக் கொடுப்பான் என்று தெரிந்தவனிடம். அடுத்த வேலை, போன கல்யாணத்தின் ஆல்பத்தைப் பார்த்த சித்தியிடமிருந்து வரும். ஐந்நூறு பேர் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் தினமும் கைகூப்பும் பொம்மை போடுவதால் வேலை வந்து நான் பார்த்ததில்லை.

மதுரைப் பக்கம் ஜவஹர்லால்புரத்திலிருந்து வந்தவர் புகைப்படக்காரர் எம். பழனி குமார். அம்மா மீன் விற்றவர். 2013-இல் கடன் வாங்கி ஒரு நிக்கான் டி5200 வாங்கினார். பெரிய ஸ்டூடியோவின் வாசலைத் தேடாமல், தன் அம்மாவையும் தன்னைச் சுற்றி உழைத்தவர்களையும் எடுத்தார். திவ்யபாரதி இயக்கி 2017-இல் வந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தார். பிறகு 'பாரி' இணைய இதழின் புகைப்படக்காரரானார். தயாநிதா சிங் - பாரி ஆவணப் புகைப்பட விருது முதன்முறை வழங்கப்பட்டபோது, 2022-இல், அது அவருக்குத்தான் வந்தது. இன்று துப்புரவுத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் கையில் அவரே கேமரா கொடுத்துச் சொல்லித்தருகிறார். அவருக்கு யாருமே உதவவில்லை என்று நான் சொல்லவரவில்லை. ஒருவரும் தனியாக வளர்வதில்லை. ஆனால் அவருடைய தொடர்புகளெல்லாம் எடுத்த படங்களின் பின்னால் வந்தவை.

"தஞ்சாவூரில் பிறந்த டி.என்.ஏ. பெருமாளுக்கு ஓ.சி. எட்வர்ட்ஸ் குருவாக இருக்கவில்லையா?" என்று கேட்பார்கள். இருந்தார். பெருமாள் இந்தியக் காட்டுயிர்ப் புகைப்படத்தின் மூத்தவர்களில் ஒருவரானார், பலருக்குத் தானும் கற்றுக்கொடுத்தார். அப்படிப்பட்ட உறவை நான் கும்பிடுகிறேன். இரண்டு பேருக்கும் நடுவில் அங்கே படம் இருந்தது. இங்கே இருப்பது லைட் ஸ்டாண்டு.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நானும் ஒரு மூத்தவரிடம் ஒன்றரை வருஷம் பை தூக்கினேன். கற்றுக்கொண்டது குரோம்பேட்டையில் ஆல்பம் டிசைன் செய்துகொண்டிருந்த ஒரு அண்ணனிடம். அவருக்குக் கேமரா பிடிக்கவே தெரியாது. "ஏம்பா, எல்லாப் படத்துலயும் தலைக்கு மேல இவ்வளவு இடம் விடுற? மாலையோட நுனியை வெட்டிடுற?" என்று ஒரு நாள் திட்டினார். வருஷக்கணக்கில் என் படங்களை வெட்டி ஒட்டியவருக்கு என் கண் எங்கே சோம்பேறித்தனம் செய்கிறது என்று தெரிந்திருந்தது. அவரை யாரும் குரு என்று அழைத்ததில்லை.

கண்காட்சிக்குப் போகாதீர்கள் என்று சொல்லமாட்டேன். சென்னையில் 1850-களிலேயே புகைப்படச் சங்கம் உண்டு. 2016-இலிருந்து சென்னை போட்டோ பினாலே நடக்கிறது. போங்கள், சுவரில் இருப்பதை நின்று பாருங்கள். விசிட்டிங் கார்டுக்குப் பதிலாக உங்கள் படங்களில் பன்னிரண்டைப் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். "எது பிடித்தது" என்று கேட்காமல், "எதைத் தூக்கிப்போடலாம்" என்று கேளுங்கள். பெரியவர்கள் பலர் அதற்கு ஐந்து நிமிஷம் தருவார்கள்.

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. செம்பாக்கத்துத் தம்பி போன ஆடியில் லைட்டைக் கீழே வைத்தான். அம்மன் கோயில் கூழ் ஊற்றல், பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்து ஓரம் என்று திரிந்தான். மேற்குத் தாம்பரத்தில் பூ விற்கிற அக்காவை நான்கு நாள் எடுத்து, ஒரு படத்தைப் பிரிண்ட் போட்டு அவரிடமே கொடுத்தான். அக்கா வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. மூஞ்சியையே எடுத்திருக்கியே, கட்டுற கை எங்க?"

மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு அவன் மறுபடியும் அங்கே போனான்.