சாப்பா இன்று கைப்பேசியில்

கொச்சித் துறைமுகத்தில் வேலை என்பது ஒரு காலத்தில் வீசியெறியப்படும் உலோகத் துண்டாக இருந்தது. ‘சாப்பா’ என்பது அதன் பெயர். வேலை கேட்டுக் கூடி நிற்கும் தொழிலாளர்களை நோக்கி அது எறியப்படும். முண்டியடித்துப் பொறுக்கியவருக்கு அன்றைய கூலி, மற்றவருக்குப் பட்டினி. இந்த இழிவுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்த தொழிலாளர்கள் மீது 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. சைது, சைதலவி, அந்தோணி ஆகிய மூவரை அப்போராட்டம் பலிகொண்டது.

எழுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. அதே மட்டாஞ்சேரியின் குறுகிய தெருக்களில் உணவுப் பொட்டலம் சுமந்து விரையும் இளைஞரின் கையிலும் ஒரு சாப்பா இருக்கிறது. அதன் பெயர் ஸ்மார்ட்போன். வேலை வருவதும் வராமற்போவதும் அதன் திரையில் முடிவாகின்றன. வேலைக்குச் சேரும் முன்பே அடையாள எண், வங்கிக் கணக்கு, முகப்படம், இருப்பிடம் அனைத்தையும் அவர் ஒப்படைத்தாக வேண்டும். ‘அனுமதிக்கிறேன்’ என்ற பொத்தானை அழுத்த மறுத்தால் வேலை இல்லை. பழைய சாப்பா தொழிலாளியைப் பற்றி முதலாளியிடம் எதுவும் சொன்னதில்லை. புதிய சாப்பாவோ அவர் எங்கே நின்றார், எவ்வளவு நேரம் ஓய்ந்தார், எத்தனை வேலைகளை மறுத்தார் என்பதையெல்லாம் நொடிதோறும் கணக்கெழுதுகிறது.

நகரத்துச் செயலிகளோடு இது நிற்கவில்லை. ஊரக வேலை உறுதித் திட்டத்தில் 2023 ஜனவரி முதல் வருகைப்பதிவு கைப்பேசிச் செயலி வழியே கட்டாயமாக்கப்பட்டது. நாளுக்கு இருமுறை படம் பதிவேறினால்தான் கூலி என்றானது. சிக்னல் கிடைக்காத ஊர்களில் உழைத்தும் கூலி இழந்தவர்களின் துயரம் நாடறிந்தது.

தனியுரிமை அடிப்படை உரிமையே என 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அதன் பின்னர் ஒன்றிய அரசு 2023இல் கொண்டுவந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் யாரைப் பாதுகாக்கிறது? அதன் 7ஆம் பிரிவு, வேலைவாய்ப்பு நோக்கங்களுக்காகவும் முதலாளியை இழப்பிலிருந்து காக்கவும் தொழிலாளியின் தரவை அவரது ஒப்புதலின்றியே கையாள இடமளிக்கிறது. 17ஆம் பிரிவு, ஒன்றிய அரசு அறிவிக்கும் அரசு அமைப்புகளுக்குச் சட்டத்திலிருந்தே விலக்களிக்கிறது. தவறிழைக்கும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் அத்தொகை அரசின் கருவூலத்துக்குப் போகும். பாதிக்கப்பட்டவர் இழப்பீடு பெற வழிசெய்திருந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவை நீக்கவும் இச்சட்டமே வகை செய்கிறது.

2025 நவம்பரில் விதிகள் அறிவிக்கப்பட்டபோது அரசின் நோக்கம் மேலும் தெளிவாயிற்று. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை நலிவுறச் செய்யும் திருத்தம் உடனே நடைமுறைக்கு வந்தது. குடிமக்களுக்கான பாதுகாப்புகளோ 18 மாதங்கள் காத்திருக்க வேண்டும். ஆள்வோரைப் பற்றி மக்கள் அறிவது சுருங்குகிறது. மக்களைப் பற்றி ஆள்வோர் அறிவது விரிகிறது.

இவ்விடத்தில் நம்மையும் நாம் விமர்சித்துக்கொள்ள வேண்டும். 2020இல் கேரள இடது ஜனநாயக முன்னணி அரசு கோவிட் தரவுகளைத் தொகுக்க ஸ்பிரிங்க்ளர் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் உதவியை நாடியது. அவ்வாண்டு ஏப்ரலில் கொச்சியிலுள்ள உயர் நீதிமன்றம், ஆள் அடையாளங்களை நீக்கிய பின்னரே அத்தரவுகளை நிறுவனம் அணுகலாம் என்றும், இனித் திரட்டப்படும் தரவுகளுக்கு மக்களிடம் விவரம் தெரிவித்து ஒப்புதல் பெற வேண்டும் என்றும் இடைக்கால ஆணையிட்டது. பெருந்தொற்றின் அவசரம் உண்மையே. ஆனாலும் மக்களிடம் முன்கூட்டிக் கேட்டிருக்க வேண்டியதை நீதிமன்றம் நினைவூட்ட நேர்ந்தது. நோக்கம் நல்லதாக இருப்பதால் மட்டும் ஒப்புதல் தேவையற்றதாகிவிடாது.

அன்றாட வாழ்வில் நாம் கடைப்பிடிக்க வேண்டியவை சில உள்ளன. டார்ச் விளக்குச் செயலிக்கு நமது தொடர்புப் பட்டியல் எதற்கு? தேவையற்ற அனுமதிகளை இன்றே நீக்குவோம். வாட்ஸ்அப்பில் வரும் அறிமுகமற்ற செயலிக் கோப்புகளைத் திறக்காதிருப்போம்; இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி வைப்போம். உடனடிக் கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலைக் கவர்ந்து, உறவினர்க்கெல்லாம் அவதூறு அனுப்பி மிரட்டுவதை மக்களிடம் எடுத்துரைப்போம். உறுப்பினர் பட்டியலையும் தொலைபேசி எண்களையும் பெருங்குழுக்களில் பகிர்வதைக் கிளைகள் நிறுத்த வேண்டும். வேலைநிறுத்தத்தில் பங்கேற்ற ஒப்பந்தத் தொழிலாளியின் முகம் தெரியும் படத்தை அவரைக் கேளாமல் வெளியிடாதீர்கள். நமக்கு அது போராட்டச் செய்தி. அவருடைய முதலாளிக்கு அது பணிநீக்கப் பட்டியல்.

ஆனால் தனிமனித எச்சரிக்கை மட்டுமே தீர்வாகிவிடாது. பசித்தவர் ‘அனுமதிக்கிறேன்’ என்று அழுத்துவது அறியாமையால் அன்று, வேறு வழியின்மையால். துறைமுகத்தில் சாப்பாவைப் பொறுக்கியவரை நோக்கி, கவனமாகப் பொறுக்கு என்று அன்றைய தோழர்கள் அறிவுரை கூறவில்லை. அந்த முறைக்கு எதிராகவே அணிதிரட்டினர்.

எனவே நமது கோரிக்கைகள் தெளிவாக இருக்கட்டும். தொழிலாளியின் தரவை ஒப்புதலின்றிக் கையாள இடந்தரும் விதிவிலக்கு நீக்கப்பட வேண்டும். வேலையையும் கூலியையும் தீர்மானிக்கும் கணிப்பு முறைகள் தொழிற்சங்கங்களுக்குத் திறந்துகாட்டப்பட வேண்டும். 2025இல் கர்நாடகம் இயற்றிய செயலிவழித் தொழிலாளர் சட்டம் இத்திசையில் முதல் அடியை வைத்துள்ளது. பாதிக்கப்பட்டவர்க்கு இழப்பீட்டு உரிமையும், தகவல் அறியும் சட்டத்தின் பழைய வலிமையும் மீட்கப்பட வேண்டும்.

எதிர்ப்பு பலன் தரும் என்பதற்குச் சான்று அருகிலேயே உள்ளது. 2025 நவம்பர் இறுதியில், புதிய கைப்பேசிகள் அனைத்திலும் ‘சஞ்சார் சாத்தி’ செயலியை முன்கூட்டியே பதிக்க வேண்டுமென ஒன்றிய அரசு ஆணையிட்டது. நாடெங்கும் எழுந்த கண்டனத்தால் டிசம்பர் 3 அன்று அது பின்வாங்கியது. சில நாள் கண்டனமே இவ்வளவு செய்யுமெனில், அமைப்பாகத் திரண்ட தொழிலாளி வர்க்கம் எவ்வளவு செய்ய முடியும்! மட்டாஞ்சேரித் தியாகிகளின் நினைவைச் செயலி வழியே கூலி தேடும் இளைஞர்களிடம் கொண்டு செல்வோம்.